முதியோர் நலத் திட்டங்களை மதிப்பிடுவது எப்படி? தோட்டப்புற ஊர்களில் இந்த வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில், முதியோருக்காக இயங்கும் தொண்டு அமைப்பில் திட்ட மதிப்பீட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் முதல் நாளே ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, “நிதி கொடுத்தவங்க ரிப்போர்ட் கேக்கறாங்க, கொஞ்சம் பாத்துச் செய்ங்க” என்பார். அந்த ரிப்போர்ட் உங்கள் வேலையில் ஒரு பகுதிதான். அமைப்பு செய்யும் காரியங்களால் அந்தப் பெரியவர்களின் அன்றாட வாழ்க்கையில் ஏதாவது மாறியதா, யாருக்கு மாறியது, யாருக்கு மாறவில்லை, ஏன் என்று விசாரித்துச் சொல்வதுதான் முழு வேலை.

இதில் நம் தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது நம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த ஆளின் முகத்துக்கு நேராக “உப்பு கம்மி” என்று சொல்வதே மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள். ஏதாவது சொல்லப் போய், வருகிற உதவியும் நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு. அதனால் எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கு தம்பி, ஒரு கொறையும் இல்ல” என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதி, எல்லோருக்கும் முழுத் திருப்தி என்று அறிக்கை கொடுத்துவிடலாம். யாருக்கும் அதனால் பயன் இல்லை. பெரியவர்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழி செய்வதும், உங்கள் முன்னால் வந்து உட்காராத ஆட்களைத் தேடிப் போவதும்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

படிவத்தைத் தொடாமல் ஊரைப் பாருங்கள்

முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். பெரியவர்களை ஏற்றி வரும் வேனில் கூடவே போய் வாருங்கள். சமையல் செய்கிறவர்களோடு வெங்காயம் நறுக்குங்கள். அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கக் காத்திருக்கும் வரிசையில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் தனியாக உட்காருகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஊரின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள்தான். 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிந்தது 1960-இல். இன்று எண்பதைத் தாண்டிய பாட்டிமார்கள் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள். அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டு மக்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் வந்தார்கள்.

மதிப்பீட்டுக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளி தூக்கி, பால் வெட்டியே வாழ்ந்த உடம்பு. முட்டியும் இடுப்பும் இப்போது வலிக்கின்றன. லயத்தில் கதவைத் திறந்தால் அக்கம்பக்கம் பேச்சுத் துணை இருந்தது. இரண்டாவது மாடி வீட்டில் அது இல்லை. சேமநிதிப் பணத்தை 55 வயதில் மொத்தமாக எடுத்து, பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் வீட்டு முன்பணத்துக்கும் கொடுத்துவிட்டவர்கள் பலர். குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளிய சிலருக்குக் குடிமக்களுக்கான உதவித்தொகைகள் கிடைப்பதில்லை. இதெல்லாம் தெரியாமல் ‘முதியோர்’ என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டுவிட்டால், யாருக்கு எது உதவியது என்று கடைசி வரை பிடிபடாது.

திட்டத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

அமைப்பில் இருக்கும் ஐந்து பேரிடம் தனித்தனியாக, “நம்ம திட்டம் எதுக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். தலைவர் தனிமையைப் போக்குவதற்கு என்பார். செயலாளர் சீனி வியாதியைக் கட்டுப்படுத்துவதற்கு என்பார். வேன் ஓட்டுபவர், “வீட்ல அடைஞ்சு கெடக்காம வெளிய வர்றதுக்கு” என்பார். மூன்றுமே சரியாக இருக்கலாம். ஆனால் எது என்று முடிவு செய்யாமல் எதையும் அளக்க முடியாது.

ஒரு தாளை எடுத்து இடமிருந்து வலமாக எழுதுங்கள்: நாம் என்ன போடுகிறோம் (பணம், வேன், ஆட்கள்), என்ன செய்கிறோம் (வாரம் இருமுறை ஒன்றுகூடல், உடற்பயிற்சி, மதிய உணவு, இரத்த அழுத்தப் பரிசோதனை, படுத்த படுக்கையானவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது), அதனால் உடனடியாகக் கிடைப்பது என்ன, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அவர்கள் வாழ்க்கையில் மாற வேண்டியது என்ன. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் ‘இது ஏன் நடக்கும் என்று நம்புகிறோம்?’ என்று எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மதிய உணவு கொடுத்தால் சத்துக்குறைவு போய்விடும் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தால், மீதி ஐந்து நாள் கேள்வி அந்தத் தாளிலேயே எழுந்து நிற்கும்.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பொட்டலம் போயிற்று என்பது செய்த வேலையின் கணக்கு. நிதி கொடுப்பவர்கள் பலர் இதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். நீங்கள் அங்கே நின்றுவிடக் கூடாது. பாட்டி இப்போது பிடிமானம் இல்லாமல் குளியலறைக்குப் போகிறாரா, தாத்தா வாரத்தில் எத்தனை நாள் யாரிடமாவது பேசுகிறார் என்பதுதான் விளைவு.

மூன்று கேள்விகள் போதும்

புதியவர்கள் எல்லாவற்றையும் அளக்க ஆசைப்படுவார்கள். அறுபது கேள்விகள் கொண்ட படிவம் எழுபத்தெட்டு வயது அம்மாவைக் களைப்பாக்கும்; இருபதாவது கேள்விக்குப் பிறகு வரும் பதில்களை நம்ப முடியாது. இந்த ஆண்டு நமக்குத் தெரிய வேண்டிய மூன்று கேள்விகள் எவை, ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்தால் யார் எந்த முடிவை மாற்றுவார்கள் என்று குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த முடிவையும் மாற்றாத கேள்வியைத் தயங்காமல் வெட்டுங்கள்.

உலக அளவில் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (OECD) வகுத்த ஆறு அளவுகோல்களைப் பல இடங்களில் பார்ப்பீர்கள்: தேவைக்குப் பொருந்துகிறதா, மற்ற சேவைகளோடு ஒத்துப்போகிறதா, நோக்கத்தை எட்டியதா, செலவுக்குத் தகுந்த பயனா, நீண்டகாலத் தாக்கம் என்ன, நீடிக்குமா. இரண்டாவது அளவுகோல் 2019-இல்தான் சேர்க்கப்பட்டது. நம் ஊரில் அது மிகவும் தேவை. சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையம், கோயில் அன்னதானம், அரசியல் கட்சியின் அரிசி மூட்டை என்று ஒரே பத்துப் பேருக்கு எல்லாமே போய்ச் சேர்வதும், அடுத்த சந்தில் இருப்பவருக்கு ஒன்றுமே போகாததும் சகஜம். ஆறையும் ஒரே ஆண்டில் தொட வேண்டியதில்லை.

எதை வைத்து அளப்பது?

சொந்தமாக அளவுகோல் உருவாக்காதீர்கள். ஏற்கெனவே உலகெங்கும் சோதித்துப் பார்த்தவை இருக்கின்றன. அவற்றில் நமக்குப் பொருந்துவதை எடுத்தால் போதும்.

உடல் நடமாட்டத்துக்கு எழுந்து நடக்கும் சோதனை மிகவும் எளிது. செலவு கிடையாது. அதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரமாகச் செய்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போடுங்கள். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், வேண்டாம். நாற்காலியிலிருந்து 3 மீட்டர் அளந்து தரையில் நாடா ஒட்டுங்கள். தரை ஈரமாக இருக்கக் கூடாது. காலையில் மண்டபத்தைக் கழுவிவிடும் பழக்கம் இருந்தால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். பெரியவர் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமாகப் பிடிக்கும் கைத்தடி. “நான் ‘போங்க’ன்னு சொன்னதும் எழுந்து, எப்பவும் நடக்கிற மாதிரி அந்தக் கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்காருங்க” என்று சொல்லி, நீங்களே ஒருமுறை நடந்து காட்டுங்கள். அவரை ஒருமுறை ஒத்திகை பார்க்க விடுங்கள். ‘போங்க’ என்றதும் நேரத்தை ஓட விட்டு, மறுபடி உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஆள் விழாமல் பிடிக்கத் தயாராக நடக்க வேண்டும், ஆனால் கையைத் தொடக் கூடாது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது.

படிவத்தில் நேரத்தோடு, என்ன செருப்பு, கைத்தடி உண்டா, எந்த நாற்காலி, காலையா மாலையா என்பதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாதிரி செய்தால்தான் ஒப்பிட முடியும். பக்கத்தில் நிற்கும் தோழிகள் “வேகமா, வேகமா” என்று கைதட்டினால் பாட்டி பந்தயம் ஓட ஆரம்பித்துவிடுவார். அதனால் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடச் செயல்களுக்குக் காட்ஸ் பட்டியல் இருக்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நகர்வது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே விஷயங்கள். இதற்கு அடுத்த நிலையில், மருந்து எடுத்துக்கொள்வது, கடைக்குப் போவது, சமைப்பது, பணத்தைக் கையாள்வது போன்ற எட்டைக் கேட்கும் லாட்டன் பட்டியல். இதில் ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையில் ஒருநாளும் அடுப்பு பற்ற வைக்காத தாத்தா சமைக்க மாட்டார்தான். அது முதுமைத் தளர்ச்சி இல்லை. ‘முன்பு செய்தாரா, இப்போது முடிகிறதா’ என்று இரண்டாகக் கேளுங்கள்.

நினைவாற்றல் சோதனைகளில் இன்னும் கவனம் வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பாட்டி அதில் மதிப்பெண் இழந்தால், அதை மறதி நோயாக எழுதுவது அநியாயம். அந்தச் சோதனையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மனச்சோர்வை அறிய, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் அளவுகோல் இருக்கிறது. மதிப்பெண் ஐந்துக்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். யாரிடம் அனுப்புவது என்று ஏற்பாடு செய்யாமல் அந்தக் கேள்விகளைத் தொடவே தொடாதீர்கள். ஒருவர் மனதைத் திறக்க வைத்துவிட்டு, படிவத்தை மூடிக்கொண்டு எழுந்து வருவது பெரிய தவறு.

‘ஒன்று முதல் ஐந்து வரை எவ்வளவு திருப்தி’ என்ற கேள்வியை நான் இந்த வயதினரிடம் வைப்பதில்லை. நடந்ததைக் கேட்பேன். “போன வாரம் எத்தன நாள் வாசலத் தாண்டி வெளிய போனீங்க?” “நேத்து மத்தியானம் என்ன சாப்டீங்க? யாரு சமைச்சது?” “ராத்திரி உடம்பு சரியில்லன்னா யாருக்குப் போன் அடிப்பீங்க?” கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் ஒரு நிமிடம் யோசித்தால், அந்த யோசனையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் எப்படி இருந்தார்கள்?

திட்டத்தில் சேரும் அன்றே, அல்லது முதல் வாரத்துக்குள், அளவுகளை எடுத்துவிட வேண்டும். திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பழையவர்களை விடுங்கள். இனிமேல் சேருகிறவர்களிடம் ஆரம்பியுங்கள். வேன் இந்த ஆண்டு ஒரு தோட்டத்துக்கும் அடுத்த ஆண்டு இன்னொரு தோட்டத்துக்கும் போகப் போகிறது என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. காத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களையும் இப்போதே அளந்து வைத்தால், திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு தெரியும். யாருக்கும் உதவியை மறுக்காமலே ஒப்பீடு கிடைத்துவிடும்.

வேறு காரணங்களையும் குறித்துக்கொண்டே வாருங்கள். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025-இல் மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2024-இலும் 2025-இலும் “சாப்பாட்டுக்குக் காசு போதுதா?” என்று கேட்டு, பதில் முன்னேறியிருந்தால் அந்தப் பெருமை முழுவதும் உங்கள் திட்டத்துக்குச் சேராது. தீபாவளி முடிந்த வாரத்தில் சீனி அளவு பார்த்தால் ஏறித்தான் இருக்கும். ஆண்டுக் கடைசி மழையில் வருகை குறையும். முதல் அளவு எந்த மாதத்தில் எடுத்தீர்களோ, அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் எடுங்கள்.

உட்கார்ந்து பேசுவது

உணவு கொடுப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஓட்டுபவர், சமைப்பவர், தலைவரின் மனைவி என்று யாருடைய கையிலிருந்து உதவி போகிறதோ அவரிடம் மனதைத் திறக்க மாட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்றால் பக்கத்து ஊர் அமைப்போடு பேசி, அவர்கள் உங்கள் இடத்திலும் நீங்கள் அவர்கள் இடத்திலும் கேட்கலாம்.

நேரத்தைப் பார்த்துப் போங்கள். கிளினிக் நாள் வேண்டாம். பேரப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் வேண்டாம். சாயங்கால நாடக நேரத்தில் போனால் பாதி மனம் டிவியில் இருக்கும். காலை பத்து மணி வாக்கில், பசியாறி முடித்த பிறகு போவது நல்லது. கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடியுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தால் ஏதோ இலாகாவிலிருந்து வந்தவர் ஆகிவிடுவீர்கள். பாட்டி, தாத்தா, பெரியம்மா, ஐயா என்று அவர் ஏற்கும் முறை சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உங்களைத் தம்பி, ஐயா, தங்கச்சி என்று எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். விசிறியை நிறுத்தச் சொல்லி, நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, மெதுவாகப் பேசினாலே போதும். கத்த வேண்டாம். கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அப்புறம் அவர் எதையும் சொல்ல மாட்டார்.

அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். மருமகள் சமையலறையில் நின்றுகொண்டே, “மாமி, நேத்து சாப்டீங்களே, மறந்துட்டீங்களா?” என்று பதில் சொல்வார். அவரிடம் கோபப்படாதீர்கள். அவரும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு களைத்துப் போனவர்தான். “உங்ககிட்டயும் தனியாப் பேசணும்க்கா, மொதல்ல பாட்டியோட முடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லி, பாட்டியை வாசல் திண்ணைக்கோ மரத்தடிக்கோ அழைத்துப் போங்கள். பராமரிப்பவருக்கும் நாலு கேள்வி உண்மையிலேயே வைத்திருங்கள். அவருடைய தூக்கமும் இடுப்பு வலியும் கூட திட்டம் அறிய வேண்டிய விஷயங்கள்.

சம்மதத்தை வாய்விட்டுப் படித்துக் கேட்க வேண்டும். “இதுக்குப் பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் உங்க சாப்பாடு நிக்காது, வேனும் நிக்காது” என்ற வரியைத் தவறாமல் சொல்லுங்கள், இரண்டுமுறை சொல்லுங்கள். கையெழுத்து போடத் தெரியாதவருக்குப் பெருவிரல் ரேகையும் ஒரு சாட்சியும். “வேணாம்” என்றால் நன்றி சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து வாருங்கள்.

குறையைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. “உங்களுக்கு என்ன பிடிக்கல?” என்றால் பதில் வராது. “அடுத்த வருஷம் புதுசா ஒரு அம்மா இங்க வரப்போறாங்க. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னா, நாங்க எத மாத்தணும்?” என்று கேட்டால் வரும். கழிப்பறையில் பிடிக்கக் கம்பி இல்லை, சாப்பாடு ஒரு மணி தாண்டி வருகிறது, மருந்து போட வேண்டியவர்களுக்குத் தாமதம், ஒலிபெருக்கி காதைத் துளைக்கிறது என்று வரிசையாக வரும்.

எப்போதிலிருந்து என்ற கேள்விக்குத் தேதி எதிர்பார்க்காதீர்கள். தைப்பூசத்துக்கு முன்னாலா பின்னாலா, தோட்டத்துக் கோயில் திருவிழா சமயத்திலா, மகன் ஜொகூருக்குப் போன பிறகா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அடையாள அட்டையின் முதல் ஆறு எண்கள் பிறந்த தேதியைக் காட்டும். ஆனால் தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பதிவு பிந்தி நடந்திருக்கிறது. அட்டையில் இருப்பது குத்துமதிப்பான தேதியாகவும் இருக்கலாம். வயதை ஐந்தாண்டுப் பிரிவுகளாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வராதவர்கள்

வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒரு வருடத்துக்கு முன் வந்துகொண்டிருந்து இப்போது வராதவர்கள் பெயரை எல்லாம் தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம்: இறந்தார், பிள்ளையோடு கோலாலம்பூருக்குப் போனார், படுத்துவிட்டார், தானாக நின்றார். கடைசி இரண்டு வகையினரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். நான் பார்த்தவரை, ஒரு திட்டத்தைப் பற்றி அதிகம் கற்றுக்கொடுப்பவர்கள் இவர்கள்தான். வேனில் ஏறும் படி உயரம். சக்கர நாற்காலிக்கு இடமில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கோயில் நிர்வாகத் தகராறில் இரண்டு பக்கமாகப் பிரிந்தவர்கள் ஒரே மண்டபத்துக்கு வருவதில்லை. கட்டிக்கொள்ள நல்ல சேலை இல்லை என்று வெட்கம். நடவடிக்கைகள் எல்லாம் கோலாட்டமும் பக்திப்பாடலும் என்பதால் ஆண்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டு, ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். இதில் எதுவும் வந்தவர்களிடம் கேட்டால் தெரியாது.

எண்களிலும் இவர்கள் ஒளிந்திருப்பார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: 40 பேர் சேர்ந்தார்கள், நடக்கும் சோதனையில் சராசரி 16 வினாடி. ஒரு வருடம் கழித்து 28 பேர்தான் இருக்கிறார்கள், சராசரி 13.5 வினாடி. இரண்டரை வினாடி முன்னேற்றம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த 28 பேரை மட்டும் எடுத்து அவர்களுடைய முதல் அளவைப் பார்த்தால் அதுவும் 13.5. யாரும் முன்னேறவில்லை. கிட்டத்தட்ட 22 வினாடி எடுத்துக்கொண்ட, தளர்ந்த 12 பேர் விடுபட்டுப் போனார்கள், அவ்வளவுதான். முதியோர் திட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். அதனால் எப்போதும் ஒரே ஆளின் முன்னளவையும் பின்னளவையும் ஒப்பிடுங்கள். விடுபட்டவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த 28 பேர் ஒரு வருடம் கழித்தும் அதே 13.5 வினாடியில் நடக்கிறார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. எண்பது வயதில் ஒரு வருடம் போனால் தளர்ச்சி கூடுவதுதான் இயல்பு. இருந்த இடத்திலேயே நிற்பது நல்ல விளைவாக இருக்கலாம். நிதி கொடுப்பவர்களுக்கு இதை ஆரம்பத்திலேயே விளக்கி, ‘முன்னேற்றம்’ என்ற கட்டத்தோடு ‘நிலை காத்தல்’ என்ற கட்டத்தையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடையில் ஆபத்தைக் கண்டால்

வீட்டுக்குப் போகும்போது கையில் காயத் தழும்பு, பூட்டிய அறை, காலியான அரிசி டின், மகன் உதவித்தொகை அட்டையைப் பிடுங்கி வைத்திருப்பது போன்றவற்றைப் பார்ப்பீர்கள். யாரிடம் சொல்வது, அன்றைக்கே யார் திரும்பப் போய்ப் பார்ப்பது என்று வேலை தொடங்கும் முன்பே அமைப்போடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமூகநல இலாகாவின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்த மூன்றும் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். ரகசியம் காப்பேன் என்று கண்மூடித்தனமாக வாக்குக் கொடுக்காதீர்கள். “உங்க உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் சொல்லியாகணும் பாட்டி” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தகவலைப் பத்திரமாக வையுங்கள்

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. என்றாலும் அதன் நெறிகளைத் தொண்டு அமைப்பும் பின்பற்றுவதே சரி: எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்குவது, அதற்கு மட்டும் பயன்படுத்துவது, பூட்டி வைப்பது, தேவை முடிந்ததும் அழிப்பது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் எண் குறியீட்டோடு வேறு கோப்பில். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாருடைய சர்க்கரை அளவும் போகக் கூடாது. பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் பெரியவர்களைப் படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லும் தைரியமும் இந்த வேலைக்கு வேண்டும். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் பதிவுகளை ஆய்வுக்காகத் தொட வேண்டும் என்றால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்து, அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதி பெற்ற பிறகுதான்.

தகவல் சேர்க்க கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவி போதும். தமிழில் கேள்வி எழுதலாம், இணையம் இல்லாத தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யும்.

அறிக்கையும் அதற்கு அப்புறமும்

சிறிய எண்ணிக்கைக்கு விழுக்காடு எழுதாதீர்கள். ‘31 பேரில் 9 பேர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஆட்கள் தெரிவார்கள். நிதி கொடுப்பவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பக்கம், மீதி எல்லாம் பின்னிணைப்பு. கெட்ட செய்தி இருந்தால் கூட்டத்தில் போட்டு உடைக்காமல், முதலில் தலைவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவர் சொந்தக் காசைப் போட்டு இந்த அமைப்பைத் தொடங்கியவராக இருக்கலாம். ஆனால் அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒரு எண்ணையும் மாற்றாதீர்கள். விளக்கம் சேர்க்கலாம், வரியை நீக்கக் கூடாது.

அப்புறம் பெரியவர்களிடமே திரும்பப் போங்கள். மதிய உணவுக்கு முன் பத்து நிமிடம், எழுந்து நின்று தமிழில் சொல்லுங்கள்: “நீங்க சொன்னதுல இந்த மூணு விஷயம் கண்டுபிடிச்சோம். இந்த ரெண்ட மாத்தப் போறோம். மூணாவதுக்கு இப்போ காசு இல்ல, அடுத்த வருஷம் கேப்போம்.” கழிப்பறைக் கம்பியை முதல் மாதத்திலேயே பொருத்திவிடப் பாருங்கள். சொன்னது நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டு நீங்கள் கேட்காமலே பேசுவார்கள்.

இந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். நீங்கள் போன பிறகு வருபவருக்காக ஒரு கோப்பு தயார் செய்து வையுங்கள். அதில் கேள்வித்தாளின் கடைசிப் பதிப்பு, ஒவ்வொரு குறியீட்டுக்கும் விளக்கம், எந்த நாற்காலியில் எந்த இடத்தில் சோதனை நடந்தது என்ற குறிப்பு, அடுத்த அளவு எடுக்க வேண்டிய மாதம், நின்றுபோனவர்கள் பட்டியலைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்ற தேதி, இவை இருக்கட்டும். பெயர்க்கோப்பின் கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் எழுதாமல் செயலாளரிடம் நேரில் கொடுங்கள்.